காமாலைத் தடுப்பூசி வந்த வழி

(கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளிவிழாவில் காமாலை நோயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். மேனிலைப் பள்ளி மாணவர்க்கு விளங்கும்படி அறிவியற் பொருள் ஒன்றைப் பற்றி உரையாற்றுமாறு கழகத்தார் பணித்தபோது நாம் இதனைத் தேர்ந்தமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைக்குக் காமாலை கண்டால் ஒரு மாதப் படிப்புப் போகிறது. தேர்வு நேரமாயின் ஓராண்டே போய்விடுகிறது. இது முதற் காரணம். இந்நோய்க்குத் தடுப்பூசி கண்ட வரலாற்றில், அறிவு எவருடைய உடலின்மேல் நின்று தேடப்பட்டது என்னும் வினா ஒன்று தொடர்ந்து வருகிறது. நாளை ஆய்வுக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்லவிருக்கும் நம் பிள்ளைகள் அவ்வினாவை அறிந்து செல்ல வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

காமாலை என்பது நோயின் பெயரன்று, நோயின் குறி. கல்லீரல் பழுதுறும்போது பித்தநீரின் மஞ்சள் நிறப் பொருள் குருதியில் தேங்கிக் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்குகிறது. மதுவால் இது நேரலாம். பித்தப்பைக் கல்லால் நேரலாம். வைரஸ் என்னும் நச்சுயிரியாலும் நேரலாம். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களுள் தலையாயவை ஐந்து. அவற்றுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று ஆங்கில எழுத்துகளையே பெயராக இட்டுள்ளனர். பி, சி ஆகியன குருதி வழியாகப் பரவி, உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கல்லீரலைச் சுருக்கிப் புற்றிலும் கொண்டுபோய் விடுவன. நாம் இன்று பேசும் ஏ வகை அத்தகையதன்று. அது வாய்வழி வருவது. நோயுற்றவரின் மலத்திலிருந்து நீரிலோ உணவிலோ கையிலோ ஒட்டி மற்றொருவர் வாய்க்குள் செல்கிறது. சொல்லக் கூசும் செய்திதான். ஆயினும் மறைத்துச் சொன்னால் நோயின் வழி விளங்காது.

இவ்வைரஸ் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் 27 கூறே இதன் குறுக்களவு. உருவிற் சிறிதாயினும் உறுதியிற் பெரிது. இரைப்பையின் அமிலத்திற்கு அஞ்சாது. நீரிலும் மண்ணிலும் நெடுநாள் கிடக்கும். வெதுவெதுப்பாகச் சூடாக்கிய நீர் இதனை ஒன்றும் செய்யாது. நன்கு கொதித்தால்தான் அழியும். உடலுட் சென்றபின் இரண்டு முதல் ஏழு வாரம் வரை எந்த அடையாளமும் இல்லை. கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னரே மலத்தில் மிகுதியாக வெளியேறிவிடுகிறது. ஆகவே நோயாளி இன்னார் என்று நாம் அறிந்து விலகியிருக்கும்போது, அவர் பரப்பவேண்டியதைப் பெரும்பாலும் பரப்பி முடித்திருப்பார்.

இந்நோய்க்கெனத் தனி மருந்து இல்லை. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தீர்ந்துவிடுகிறது. கீழாநெல்லிக்கும், கையில் மந்திரிக்கும் பெரியவருக்கும், விலையுயர்ந்த மாத்திரைக்கும் ஒருசேரப் புகழ் கிடைத்துவருவது இதனால்தான். எதை உண்டிருந்தாலும் தீர்ந்திருக்கக்கூடிய நோயில் எது தீர்த்தது என்று சொல்வது அரிது. எனினும் எல்லார்க்கும் எளிதில் தீர்வதில்லை. வயது ஏற ஏற நோய் கடுமையாகிறது. சிலர்க்குக் கல்லீரல் சில நாட்களிலேயே செயலிழந்து உயிர் போகிறது. 2016ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏழாயிரத்திற்கும் மேற்பட்டோர் இவ்வொரு வகையால் இறந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு.

இனி வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவப் பேரறிஞர் விர்ச்சோ, பித்தநாளத்தைச் சளி அடைத்துக்கொள்வதே இக்காமாலைக்குக் காரணம் என்று கருதினார். அவர் பெயரின் மதிப்பால் அக்கருத்து நெடுங்காலம் நின்றது. அறிஞர் பெயரைக் கண்டு ஆராய்ச்சி அடங்கிப்போவது எந்நாட்டிலும் உள்ள குறைதான். போர்க்களங்களே இக்கருத்தை அசைத்தன. படைவீரர் கூட்டமாகத் தங்கும் இடங்களிலெல்லாம் காமாலை கூட்டங்கூட்டமாக வந்தது. அடைப்பு நோய் அவ்வாறு தொற்றாது. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையில் மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுள் ஏறத்தாழ 50,000 பேர் காமாலையில் விழுந்தனர். அத்தடுப்பூசியில் கலந்திருந்த மனிதக் குருதிநீரே அதற்குக் காரணம். அது பி வகை என்பது பின்னர் ஐயமறத் தெளிந்தது. குருதி வழி வருவது வேறு, வாய்வழி வருவது வேறு என்னும் உணர்வு இவ்வாறு வளர, 1947இல் பிரிட்டிஷ் மருத்துவர் மக்கல்லம் இரண்டிற்கும் ஏ, பி என்று பெயரிட்டார்.

அதற்கு முன்னரே, 1944இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சிறுவர் கோடை முகாம் ஒன்றில் காமாலை பரவியது. ஸ்டோக்ஸ், நீஃப் என்னும் இரு மருத்துவர்கள் அம்முகாமின் கிணற்று நீரே காரணம் எனக் கண்டனர். நலமுள்ளவர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த காமா குளோபுலின் என்னும் புரதத்தை ஊசியாகச் செலுத்தினால் நோய் தடைப்படுகிறது என்பதையும் காட்டினர். பெரும்பாலோர் எப்போதோ இந்நோய்க்கு ஆட்பட்டு எதிர்ப்பொருளைக் குருதியில் சுமந்திருந்தமையால் இது இயன்றது. ஆனால் அக்காப்பு சில மாதங்களே நிற்கும். பிறர் உழைத்துச் சேர்த்ததைக் கடன் வாங்குவது போன்றது அது. உடல் தானே எதிர்ப்பொருள் ஆக்கக் கற்றுக்கொள்வதில்லை. அதனைக் கற்பிக்கத் தடுப்பூசி வேண்டும். அதற்கோ வைரஸ் கையில் வேண்டும்.

அங்கேதான் வேலை நின்றுபோயிற்று. இளம்பிள்ளைவாத வைரசை 1949இல் எண்டர்சும் அவர் துணைவர் இருவரும் ஆய்வுக்கூடத்துத் திசு வளர்ப்பில் வளர்த்துக் காட்டினர். ஆறே ஆண்டுகளில், 1955இல், சால்க்கின் தடுப்பூசி வந்துவிட்டது. காமாலை வைரசோ எத்திசுவிலும் வளரவில்லை. எலியையும் முயலையும் அது தீண்டவில்லை. அதன் வாழ்விடம் மனிதக் கல்லீரல். எனவே அதனை ஆராய விரும்பியவர்கள் மனிதரையே ஆய்வு விலங்காகக் கொண்டனர்.

எந்த மனிதரை? இவ்வினாவில் நாம் சற்று நின்று செல்ல வேண்டும்.

போர்க்காலத்தில் சிலர், மனச்சான்றின்படி படைக்கலம் ஏந்த மறுத்தவர்கள், நாட்டுக்குத் தம்மாலான தொண்டாகக் கருதி, மாசுற்ற நீரைத் தெரிந்தே குடித்தனர். அவர்களை நாம் வணங்கலாம். என்ன குடிக்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் 1956இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில், வில்லோபுரூக் அரசுப் பள்ளியில் தொடங்கியது வேறு வகையானது. பள்ளி என்பது பெயர்தான். அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளை அடைத்துவைத்த பெரும் விடுதி அது. நான்காயிரம் பேருக்கெனக் கட்டிய இடத்தில் 1960களில் ஆறாயிரம் பேர் இருந்தனர். போதிய பணியாளர் இல்லை. பிள்ளைகள் தம் கழிவிலேயே கிடந்தனர். புதிதாக வந்த பிள்ளைக்கு ஓராண்டுக்குள் காமாலைத் தொற்று வருவது ஏறத்தாழ உறுதி என்னும் நிலை. 1965இல் அவ்விடத்தைப் பார்வையிட்ட செனட்டர் ராபர்ட் கென்னடி, அதனைப் பாம்புக்குழி என்று பழித்தார்.

நியூயார்க் பல்கலைக்கழகத்துக் குழந்தை மருத்துவர் சால் குருக்மன் அங்கே ஆய்வைத் தொடங்கினார். தனியறைப் பகுதி ஒன்றை அமைத்து, மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளைச் சேர்த்து, நோயுற்றவர் மலத்திலிருந்து எடுத்த வைரசை அவர்களுக்கு வேண்டுமென்றே கொடுத்தார். சிலர்க்குக் காமா குளோபுலின் செலுத்தி ஒப்புநோக்கினார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் இது நடந்தது. விளைந்த அறிவு பெரிது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே விடுதியில் இரண்டு வெவ்வேறு காமாலைகள் உள்ளன என்பதையும், ஒன்று வந்தவரை மற்றது காக்காது என்பதையும் 1967இல் அவர் நிறுவினார். அவ்விரண்டு மாதிரிகளுக்கும் எம்.எஸ்.1, எம்.எஸ்.2 என்று பெயர். முன்னது ஏ, பின்னது பி.

குருக்மன் கொடியவர் அல்லர். தம் செயலுக்கு அவர் காரணம் சொன்னார். இப்பிள்ளைகளுக்கு எப்படியும் நோய் வரத்தான் போகிறது. எம் பகுதியில் தூய்மையும் நல்ல கவனிப்பும் உண்டு. பெற்றோர் ஒப்பம் பெற்றிருக்கிறோம் என்றார். இம்மூன்றையும் நாம் எடைபோட்டுப் பார்ப்போம். எப்படியும் வரும் என்றால், வரச்செய்வது எது? அவ்விடுதியின் மலமும் நெரிசலுமே. அவற்றை நீக்கும் கடமை அரசினுடையது. அவற்றைக் கண்டுசொல்லும் கடமை மருத்துவருடையது. நீக்காமல் விட்ட அழுக்கையே ஆய்வுக்குரிய வாய்ப்பாகக் கொள்வது முறையாகுமோ? பெற்றோர் ஒப்பமோ எனின், 1964இன் இறுதியில் இடமில்லை என்று விடுதியின் பொதுச்சேர்க்கை நிறுத்தப்பட்டது. ஆய்வுப் பகுதியில் மட்டும் இடம் இருந்தது. வீட்டில் வைத்துப் பேணவியலாத பிள்ளையோடு வாயிலில் நின்ற தாய்க்கு நீட்டப்பட்ட தாள் அது. அதில் இட்ட கையெழுத்தை விருப்பம் என்பதா, வேறு வழியின்மை என்பதா? கூட்டத்தில் உள்ள தாய்மார்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1966இல் ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவப் பேராசிரியர், நெறிபிறழ்ந்த மனித ஆய்வுகள் இருபத்திரண்டினை எடுத்துக்காட்டி எழுதிய கட்டுரையில் வில்லோபுரூக்கும் ஒன்று. 1971இல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் ஸ்டீபன் கோல்ட்பி, தனக்கே பயன் தராத, தீங்கு தரக்கூடிய சோதனையைக் குழந்தையிடம் செய்வதற்கு எந்நியாயமும் இல்லை என வாதிட்டார். அவ்வேட்டின் ஆசிரியரும் அதனை ஒப்புக்கொண்டார். 1972இல் தொலைக்காட்சி அவ்விடுதியின் உட்புறத்தை நாட்டுக்குக் காட்டியது. 1987இல் அது மூடப்பட்டது. குருக்மனுக்கு 1983இல் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகம் அவரைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் இருக்கிறது. இன்றுவரை தீர்ப்பு ஒன்றாகவில்லை.

எம்.எஸ்.1 மாதிரி அங்கேயே நின்றுவிடவில்லை. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் சிறையில் ஆய்வுக்கு முன்வந்த கைதிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. சிறைக்குள் இருப்பவர் முன்வருதல் எத்தகையது என்பதும் மேற்சொன்ன வினாவோடு சேர்த்தெண்ணத் தக்கதே. அவர்களுடைய மல மாதிரிகளைக் கொண்டு, பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய நலவாழ்வு நிலையத்தில் ஃபீன்ஸ்டோன், கப்பிக்கியான், பர்செல் ஆகிய மூவரும் 1973இல் இவ்வைரசை முதன்முதலாகக் கண்ணாற் கண்டனர். அவர்கள் கையாண்ட முறை எளியது, அழகியது. நோயிலிருந்து தேறியவர் குருதியில் எதிர்ப்பொருள் உண்டல்லவா? அதனை மாதிரியோடு கலந்தால், சிதறிக்கிடக்கும் வைரஸ் துகள்களை எதிர்ப்பொருள் பற்றித் திரளாகக் கட்டுகிறது. தனித்தனியே கண்ணுக்குத் தப்பும் துகள்கள், திரண்டபோது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அகப்பட்டன. மாணவர்கள் இம்முறையை நினைவில் வைத்துக்கொள்வது நன்று. பொருளைத் தேடி அலையாமல், அப்பொருளை அறிந்த ஒன்றைத் துணைக்கொண்டு தேடுவது ஆராய்ச்சியில் பலவிடத்தும் கைகொடுப்பது.

இதற்கிடையில் மனிதருக்கு மாற்றும் கிடைத்திருந்தது. தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் அணிலளவே ஆன மார்மோசெட் என்னும் சிறு குரங்கினத்திற்கு இந்நோயைக் கொடுக்க இயலும் என்று சிகாகோவில் டெயின்ஹார்ட் 1967இல் காட்டினார். மெர்க் நிறுவனத்தின் மாரிஸ் ஹில்மன், பிலிப் பிராவஸ்ட் ஆகியோர் இவ்வழியே சென்றனர். கோஸ்டா ரிகா நாட்டில் ஒரு நோயாளியிடமிருந்து பெற்ற வைரசைக் குரங்கின் கல்லீரலில் பெருக்கி, பார்மலினால் கொன்று, 1978இல் மற்றக் குரங்குகளுக்கு ஊசியாகச் செலுத்தினர்; அவை நோயிலிருந்து தப்பின. கொன்ற வைரசாலும் காப்பு உண்டாகும் என்பது உறுதியாயிற்று. ஆனால் குரங்கின் கல்லீரலிலிருந்து உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து செய்தல் இயலுமோ? அடுத்த ஆண்டே, 1979இல், அவர்கள் வைரசைத் திசு வளர்ப்பிலும் வளர்த்துவிட்டனர். முப்பதாண்டு மூடிக்கிடந்த கதவு திறந்தது.

திறந்த பின்னும் நடை மெதுவாகவே இருந்தது. இளம்பிள்ளைவாத வைரஸ் தான் புகுந்த உயிரணுவைச் சில நாட்களில் சிதைத்துத் தன் வருகையை அறிவித்துவிடும். இதுவோ உயிரணுவைக் கொல்லாமல், வாரக்கணக்கில், ஓசையின்றிச் சிறிது சிறிதாகப் பெருகும். விளைச்சல் குறைவு. மருந்தின் விலை நெடுநாள் உயர்ந்தே நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம். 1966இல் பிரிட்டனில் ஒரு கருவின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பேணப்பட்டுவரும் உயிரணு மரபில் வைரசை வளர்த்து, தூய்மை செய்து, பார்மலினால் கொன்று, அலுமினிய உப்பில் படியவைப்பது செய்முறை. இயற்கை ஓர் உதவி செய்தது. உலகெங்கும் உள்ள ஏ வகை வைரஸ், தடுப்பாற்றலைப் பொறுத்தவரை, ஒரே இனம். சளிக்காய்ச்சல் வைரசைப் போல் ஆண்டுதோறும் சட்டை மாற்றுவதில்லை. மெல்பர்ன் நகரத்து நோயாளியிடமிருந்து பெற்ற ஹெச்.எம்.175 என்னும் வைரசால் செய்த மருந்து தாய்லாந்துப் பிள்ளையையும் காக்கிறது.

அந்த ஹெச்.எம்.175ஐக் கொண்டு, அமெரிக்கப் படையின் வால்ட்டர் ரீட் ஆய்வு நிலையத்தார் 1980களில் தடுப்பூசி ஆக்கினர். அவ்வழியே வந்ததே ஹேவ்ரிக்ஸ். மெர்க் நிறுவனத்தது வாக்டா. இரண்டும் பெரிய அளவில் மக்களிடம் சோதிக்கப்பட்டது 1991இல். நியூயார்க் மாநிலத்தில் கிரியாஸ் ஜோயல் என்னும் யூதச் சிற்றூரில் குடும்பங்கள் பெரியவை, பிள்ளைகள் பலர், காமாலையோ அடிக்கடி வந்துகொண்டிருந்தது. அங்கே 1,037 பிள்ளைகளுள் ஒரு பாதிக்கு உண்மை மருந்தும் மறு பாதிக்கு வெற்றூசியும் போடப்பட்டன. 50 நாட்களுக்குப் பின் கணக்கெடுத்தபோது வெற்றூசி பெற்றவருள் 25 பேருக்கு நோய். மருந்து பெற்றவருள் ஒருவர்க்கும் இல்லை. தாய்லாந்தின் கம்பேங் பெட் மாநிலத்தில் 40,119 பிள்ளைகள் பங்குகொண்டனர். ஏ வகைத் தடுப்பூசி பெற்றவருள் 2 பேருக்கும் பெறாதவருள் 38 பேருக்கும் நோய் வந்தது. காப்பு 94 விழுக்காடு.

இவ்விரண்டு ஆய்வுகளிலும் எவர்க்கும் நோய் ஊட்டப்படவில்லை என்பதை உற்று நோக்குக. தாய்லாந்தில் ஒப்புநோக்கும் பகுதியில் இருந்த பிள்ளைகளுக்கு வெற்று நீர் போடப்படவில்லை. அவர்களுக்கும் பயன்தரும் பி வகைத் தடுப்பூசி போடப்பட்டது. பின்னர் இரு பகுதியாருக்கும் மாற்றி வழங்கி, எல்லாப் பிள்ளைகளும் இரு காப்பும் பெறச் செய்தனர். வில்லோபுரூக்கிலிருந்து கம்பேங் பெட் வரையிலான முப்பத்தைந்து ஆண்டுகளில் வைரசைப் பற்றிய அறிவு மட்டும் வளரவில்லை.

1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும், 1995, 1996ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இம்மருந்துகளுக்கு உரிமம் கிடைத்தது. சீனம் தனி வழி சென்றது. 1988இன் தொடக்கத்தில் ஷாங்காய் நகரில், சரியாக வேகாத சிப்பியுணவால், இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் ஏ வகைக் காமாலையுற்றனர். மருத்துவமனைகள் போதாமல் பள்ளிகளிலும் ஆலைகளிலும் படுக்கை விரித்தனர். ஹாங்சோ நகரத்து அறிஞர் மாவோ ஜியாங்சென் குழுவினர், கொல்லாமல் வலுக்குறைத்த வைரசைக் கொண்டே தடுப்பூசி செய்தனர். 1992இல் அது பயனுக்கு வந்தது.

மருந்து வந்துவிட்டது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது? முதலில் வெளிநாடு செல்லும் செல்வர்க்கும் படைவீரர்க்குமே. ஏழை நாட்டுக்குச் சுற்றுலா வருபவர் காப்புப் பெற்று வருவார். அவருக்கு உணவு பரிமாறும் ஏழைக்குக் காப்பு இல்லை. இந்நிலையில், நம் கழகத்தார் கருத்தூன்றி அறியவேண்டிய ஒரு செய்தி அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றியது. அரசு ஒதுக்கிய நிலங்களில், குழாய் நீர் இல்லாத, நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த அம்மக்களிடையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்நோய் பெருவெள்ளமாக வரும். அவர்களது நோய்வீதம் ஏனையோரினும் பன்மடங்கு. அவர்கள் பழக்கவழக்கம் அப்படி என்று சொல்லிவிட்டுப் போவாரும் இருந்தனர். 1996இல், நோய் மிகுந்த இத்தகைய குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கெல்லாம் முறையாகத் தடுப்பூசி போடுமாறு அந்நாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. ஐந்தாண்டு கழிந்து 2001இல் பார்த்தால், பழங்குடியினரின் நோய்வீதம் நாட்டின் பொது வீதத்திற்கு மேற்படவில்லை. பழக்கவழக்கம் ஐந்தாண்டில் மாறிவிடவில்லை. மருந்து வீட்டு வாயிலுக்கு வந்தது, அவ்வளவே. அர்ஜென்டினாவில் 2005 முதல் ஒரு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே ஓர் ஊசி போட்டனர். ஏ வகையால் கல்லீரல் கெட்டு மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டிய குழந்தைகள் அங்கே முன்பு ஆண்டுதோறும் இருந்தனர். 2007க்குப் பின் அந்நிலை மறைந்தது.

நம் நாட்டு நிலை சற்றுச் சிக்கலானது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்நோய் வந்தால் பெரும்பாலும் கண்கூட மஞ்சளாகாது. வந்து போனதே தெரியாமல் வாழ்நாள் காப்பு உண்டாகிவிடும். இந்தியாவில் தொன்றுதொட்டு ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் இவ்வாறு அறியாமலே தொற்றுப் பெற்று வளர்ந்தனர். ஆகவே பெரியவரிடையே இந்நோய் அரிது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் டில்லியில், குடிநீர் நிலையத்திற்குள் சாக்கடை புகுந்து 29,000 பேர் காமாலையுற்றபோது, அது ஏ வகை என்றே உலகம் எண்ணியது. பாதுகாத்து வைத்திருந்த குருதிநீரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு கழித்துச் சோதித்தபோதுதான் அது வேறு, இன்று நாம் ஈ என்று அழைக்கும் வகை, என்பது புலனாயிற்று.

இப்போது நிலை மாறிவருகிறது. கழிப்பறையும் குழாய் நீரும் வந்த வீடுகளில் குழந்தைகள் தொற்றின்றி வளர்கிறார்கள். அது நல்லதே. ஆனால் அவர்கள் பதினெட்டிலும் இருபதிலும் கல்லூரிக்கும் விடுதிக்கும் வந்து மாசுற்ற நீரை ஒருமுறை குடித்தால் நோய் கடுமையாக வருகிறது. எழுத்தறிவிலும் நலவாழ்விலும் முன்னிற்கும் கேரளத்தில் 2024இல் மலப்புறம், எறணாகுளம் மாவட்டங்களில் இந்நோய் பரவி உயிர்களையும் கொண்டது. பாதி தூய்மை பெற்ற சமுதாயத்திற்கே இவ்வூசி மிகுதியும் வேண்டும். நம் மக்கள் இன்று நிற்பது அந்தப் பாதி வழியில்தான்: பிள்ளைகள் படிக்க வெளியேறிவிட்டனர், தெருவுக்கு நல்ல குழாய் இன்னும் வரவில்லை. 2024 சனவரியில் தேசியப் பால்வள வாரியத்தின் சார்பு நிறுவனம் ஐதராபாத்தில் உருவாக்கிய ஹாவிஷ்யூர் என்னும் தடுப்பூசி, முழுதும் இந்நாட்டிலேயே ஆக்கப்பட்டதாக வெளிவந்தது. எனினும் 2024 முடிய, அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் பி வகைக்கு இடமுண்டு, ஏ வகைக்கு இல்லை. விலை கொடுத்து வாங்குவோர்க்கே அது கிட்டியது.

சாக்கடைத் தூய்மைப் பணி செய்வோரைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டனில், பதப்படுத்தாத கழிவுநீரோடு நாளும் பழகும் தொழிலாளர்க்கு இத்தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. இங்கும் அது வேண்டும் என்று நண்பர் சிலர் கூறுகின்றனர். நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கே காலணியும் கையுறையும் பொறியும் கொடுத்தபின் ஊசியும் போடுகிறார்கள். இங்கே ஊசியைப் போட்டுவிட்டோம், இனி இறங்கலாம் என்று எவரேனும் சொல்வாராயின் அதனை ஏற்கலாகாது. காப்புக் கருவிகளின்றி மனிதரைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. நச்சுக்காற்றுக்கு எதிராக எந்தத் தடுப்பூசியும் இல்லை.

இறுதியாக, கழகத்தின் விடுதிப் பிள்ளைகளுக்கு இத்தடுப்பூசி போடுவது பற்றிச் செயற்குழு ஆராய்ந்துவருவதாக அறிகிறோம். மகிழ்ச்சி. அதனை எப்படிச் செய்வது என்பதில் விடுதிக் காப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2009, 2010ஆம் ஆண்டுகளில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பழங்குடிச் சிறுமியர் பலர் உட்படப் பல்லாயிரம் பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி ஒன்று ஆய்வுத் திட்டமாகப் போடப்பட்டது. பெற்றோரின் ஒப்பம் இருக்கவேண்டிய தாள்களில், பலவிடத்தும், விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. அத்தடுப்பூசி தீயதன்று, பல நாடுகளில் பயன்தந்து வருகிறது. பெற்றோரைக் கேட்காமல் விட்டதே பிழை. தொலைவில் இருக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், அவர்கள் நலத்திற்காகத்தானே என்னும் காரணங்களை நாம் எளிதில் கண்டுபிடித்துவிடுவோம். வில்லோபுரூக்கிலும் நல்ல காரணங்கள் இருந்தன.

ஆகவே ஊசி போடுமுன் பெற்றோர் கூட்டம் ஒன்று நடைபெறட்டும். மருத்துவர் வந்து நின்று தமிழில் விளக்கட்டும். வேண்டா என்போரும் வேண்டா என்று சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து செல்லலாம், அவர் பிள்ளைக்கு விடுதியில் ஒரு குறையும் வராது என்பது அக்கூட்டத்திலேயே சொல்லப்படட்டும். பெரிய பிள்ளைகளுள் பலர்க்கு முன்னரே காப்பு உண்டாகியிருக்கக்கூடும். குருதிச் சோதனை ஒன்று செய்து பார்த்தால் பணமும் மிஞ்சும், வீண் ஊசியும் குறையும். கொன்ற வைரசால் ஆன மருந்தாயின் இரண்டு ஊசி வேண்டும். முதல் ஊசிக்குப் பின் ஆறு மாதமேனும் கழித்து இரண்டாவது. சூன் மாதம் பள்ளி திறந்தவுடன் முதல் ஊசியைப் போட்டால், பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும்போது இரண்டாவதைப் போட்டுவிடலாம். பொதுத்தேர்வுக்கு இடையூறு இராது. தடுப்பூசி அட்டை பிள்ளையின் கையில் இருக்கட்டும். விடுதி அலுவலகத்தில் படியொன்று இருந்தால் போதும். அதுவரையிலும், அதற்குப் பின்னரும், சமையற்கூடத்துக் குடிநீரை நன்கு கொதிக்கவைத்தே தருக. கழிப்பறை வாயிலில் சோப்பு ஒருநாளும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்க. ஈ வகைக் காமாலைக்கும், குடற்காய்ச்சலுக்கும், வயிற்றுப்போக்கிற்கும் இவ்வூசி காவலன்று.